முன் பிரேக்

என் எழுதுமேசையில் தாள்கள் பறக்காமல் இருக்க ஓர் எஃகுத் தட்டை வைத்திருக்கிறேன். விட்டம் 160 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் நாற்புறமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஆறு திருகுகளுக்கான ஓட்டைகள், சுற்றிலும் கோலம் போட்டதுபோல் வெட்டுத் துளைகள். விளிம்பில் ஓரிடத்தில் வைக்கோல் நிறம், அதையடுத்து ஊதா, அதற்கும் அப்பால் மயில் கழுத்தின் நீலம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கலைப்பொருள் என்று நினைத்து எடுத்துப் பார்ப்பார்கள். மவுண்டன் பைக்கின் பின்சக்கரத்து டிஸ்க் என்றும், அந்த நிறங்கள் சூட்டினால் ஏறியவை என்றும் சொன்னதும் கீழே வைத்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் பெரும்பங்கு என் பயத்திலிருந்து வந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பயம் பழையது. எனக்கு ஒன்பது வயதில் அப்பா தன்னுடைய சைக்கிளில் குரங்குப் பெடல் போடக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன முதல் பாடமே, "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே" என்பதுதான். அந்த வண்டிக்குக் கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, ரிம்மின் உள்பக்கத்தில் இரண்டு ரப்பர் கட்டைகளைக் கொண்டுபோய் ஒட்டும். மழைக்காலத்தில் ஒட்டுவதும் ஒட்டாததும் கட்டைகளின் விருப்பம். வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிடி பின்சக்கரத்துக்கு. வலக்கையை எப்போதும் சும்மாவே வைத்திருந்து, நான் இடக்கையால் மட்டுமே பிரேக் பிடித்து வளர்ந்தேன். இதை எழுதும்போதும் இடக்கை விரல்கள் தாமாகவே மடங்குகின்றன.

இருபது ஆண்டுகளாக நான் வசிப்பது கலிபோர்னியாவில், கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே இருக்கும் மரின் கவுண்டியில். மென்பொருள் வேலை. வட கலிபோர்னியாவில் 2001 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று மவுண்டன் பைக் போட்டிகள் நடக்கின்றன. 2018ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், என் மகன் பள்ளி அணியில் சேர்ந்தான். அவனுக்குப் பழைய வண்டி ஒன்று வாங்கினோம். சில வாரங்களில் எனக்கும் ஒரு பழைய வண்டி வாங்கிக்கொண்டேன். உடற்பயிற்சிக்காக என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் அந்த வயதில் அவன் என்னோடு பேசுவது நின்றுபோயிருந்தது. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. மலைப்பாதையில் மூச்சு வாங்க நிற்கும் இடங்களில் மட்டும் அவனாகவே ஏதாவது சொல்வான். அந்த இரண்டு நிமிடங்களுக்காகத்தான் நான் மலையேறினேன்.

இரண்டு வண்டிகளிலும் இருந்தது இழுகம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக். நீண்ட இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போகும். ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் ஒரு விரல் போதும் என்று அணியின் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். மகன் அதை என்னிடம் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு மாதம் முழுக்க இரவுகளில் உட்கார்ந்து, விலையும் எடையும் இரண்டு பத்திகளாகப் பட்டியல் போட்டேன். மலிவாகவும் இருக்க வேண்டும், எடை குறைவாகவும் இருக்க வேண்டும்.

இந்தத் தேடலில் எதிர்ப்படும் முதல் வாசகம், சான்டா குரூஸ் நகரத்து மிதிவண்டி வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் சொன்னதாக வழங்கும் வாக்கு: உறுதி, இலேசு, மலிவு என்ற மூன்றில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்துகொள். மிதிவண்டிக்காரர்கள் இதைக் குறள்போல் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அது வணிகர்களின் தந்திரமாகப் பட்டது. மூன்றும் கிடைக்கும், தேடத் தெரிய வேண்டும் என்று நம்பினேன். சிக்கனமான குடும்பத்தில் பிறந்தவன் எவனும் அப்படித்தான் நம்புவான்.

அந்த நம்பிக்கைக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் பிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றது 1902இல். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1953இல், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. மிதிவண்டிக்கு அது பரவலாக வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இங்கிலாந்தின் பார்னல்ட்ஸ்விக் ஊரில் ரோல்ஸ்ராய்ஸ் விமான எஞ்சின் தொழிற்சாலையில் பணியாற்றிய இருவர் 1989இல் தொடங்கிய ஹோப், ஜெர்மனியின் மகுரா, அமெரிக்காவின் ஹேய்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கிய காலத்தில் ஹைட்ராலிக் பிரேக் பந்தயக்காரர்களின் ஆடம்பரம். பிறகு ஜப்பானின் ஷிமானோ அதைத் தன் நடுத்தர விலை வரிசைக்குக் கொண்டுவந்தது. தைவானின் டெக்ட்ரோ இன்னும் கீழே கொண்டுவந்தது. நான் பட்டியல் போட்ட 2018இல் ஒரு சக்கரத்துக்கு ஐம்பது, அறுபது டாலருக்கே நம்பகமான பிரேக் கிடைத்தது. கார்பன் இழைப் பிடியும் டைட்டானியத் திருகும் கொண்டவை அதைப்போல் நான்கைந்து மடங்கு விலை. எடையில் வேறுபாடு என்ன என்று பார்த்தால், மலிவானவை சக்கரத்துக்கு 300 கிராமை ஒட்டியும் விலை உயர்ந்தவை 200 கிராமை ஒட்டியும் இருந்தன. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு தம்ளர் தண்ணீரின் எடை. அதற்குத்தான் அந்த விலை.

கடைசியில் நான் தேடியது அகப்பட்டது. முந்தைய ஆண்டின் வடிவம் என்பதால் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட, எடை குறைந்த பிரேக்குகள். இரண்டு வண்டிக்குமாக நான்கு வாங்கினேன். அவற்றோடு, எவ்வளவு துளை போட முடியுமோ அவ்வளவு போட்டு எடையைக் குறைத்த 160 மி.மீ. டிஸ்க்குகள் நான்கு. முன்சக்கரத்துக்கு 180 மி.மீ. போடுவது நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. அது நாற்பது கிராமோ என்னவோ கூடுதல். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஹைட்ராலிக் பிரேக்கின் தத்துவம் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். கைப்பிடியில் இருக்கும் பிஸ்டன் சுமார் 10 மி.மீ. விட்டம், சக்கரத்தருகே காலிப்பரில் இருப்பவை சுமார் 22 மி.மீ. பரப்பளவில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனவே விரலின் விசை ஐந்து மடங்காகப் பெருகி, டிஸ்க்கின் இருபுறமும் உள்ள பிரேக் கட்டைகளை அழுத்துகிறது. விரலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம், முறுக்கப்பட்ட தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. கட்டை தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னகர்ந்து அமரும். வில்லோ கம்பியோ வேண்டியதில்லை. அந்த ரப்பர் வளையத்தைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது.

இதெல்லாம் நடப்பது திரவம் சுருங்காது என்ற ஒரே ஆதாரத்தில்தான். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் விரலின் விசை கட்டையை எட்டாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். அதனால் எண்ணெய் நிரப்பும்போது காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் "ஏர் எடுப்பது" என்பார்கள். வாங்கிய பிரேக்குகளின் குழாயை வண்டியின் அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினால் காற்று நுழையும், ஏர் எடுத்தே ஆக வேண்டும். கடையில் ஒரு பிரேக்குக்கு 35 டாலர் கேட்டார்கள். நான்குக்கு 140. பிரேக்கின் விலையே அதை ஒட்டித்தான் என்பதால் நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

எங்கள் கராஜில் ஒரு சனிக்கிழமை மாலை அது நடந்தது. மேலே பிடியில் ஓர் ஊசிக்குழல், கீழே காலிப்பரில் ஓர் ஊசிக்குழல். கீழிருந்து எண்ணெயை மெல்லத் தள்ளினால் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும். கீழ்க்குழலை மகன் பிடித்துக்கொண்டான். நான்கு பிரேக்குக்கும் மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் அவன் பேசினான். பள்ளியைப் பற்றி, தனக்குப் பிடிக்காத ஆசிரியரைப் பற்றி, ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு மேலே இருக்கும் ரீபேக் என்ற இறக்கத்தைப் பற்றி. அங்கே என்னோடு போக வேண்டும் என்று சொன்னான்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த வகைப் பிரேக்குக்குக் காரில் பயன்படும் டாட்-4 பிரேக் ஆயில்தான். புதுப் புட்டி எட்டு டாலர். கராஜ் அலமாரியில், காருக்காக இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய புட்டியில் பாதி மீதி இருந்தது. மூடி சற்றுத் தளர்வாகக்கூட இருந்தது. எண்ணெய் கெட்டா போகும் என்று அதையே ஊற்றினேன். வேலை முடிந்ததும் நான்கு பிடிகளையும் அழுத்திப் பார்த்தோம். கல்போல் கெட்டியாக நின்றன.

ரீபேக் என்ற பெயரிலேயே ஒரு பிரேக்கின் கதை இருக்கிறது. 1970களில் மரினின் இளைஞர்கள் சிலர், குப்பையாகக் கிடந்த 1930களின், 40களின் தடித்த டயர் சைக்கிள்களைச் சரிசெய்து இந்தக் காட்டுப் பாதைகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் இருந்தது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். இந்த மலையின் மூன்றரைக் கிலோமீட்டர் இறக்கத்தில், சுமார் 400 மீட்டர் உயரம் குறைவதற்குள், குடத்தின் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்ற பொருளில் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. 1976 அக்டோபர் 21ஆம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் சார்லி கெல்லி. அந்தப் பந்தயங்களில் மிகக் குறைந்த நேரமான 4 நிமிடம் 22 வினாடி கேரி ஃபிஷருடையது. அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் முதன்முதலாக இந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒரு வண்டியைக் கட்டினார். உலகம் முழுக்க இன்று மவுண்டன் பைக் என்று விற்பதெல்லாம் அந்த இறக்கத்தின் வழித்தோன்றல். ஃபேர்ஃபேக்ஸ் ஊரில் 2015இல் திறந்த மிதிவண்டி அருங்காட்சியகத்தில் இந்தக் கதை முழுவதையும் பார்க்கலாம்.

2018 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் பைன் மவுண்டன் பாதையில் ஏறினோம். கோடை முடியும் காலம், கல்லும் புழுதியும் தவிர வேறெதுவும் இல்லை. ரீபேக்கின் உச்சியில் மகன் எனக்காகக் காத்திருந்தான். தண்ணீர் குடித்தோம். மேலே சொன்ன வரலாற்றையெல்லாம் அவன்தான் அங்கே நின்றபடி எனக்குச் சொன்னான். பிறகு, "அப்பா, நான் முன்னால போறேன். நீங்க மெதுவா வாங்க" என்று இறங்கினான். இந்தப் பாதைகளில் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. என் வரையில் விதிக்குத் தேவையே எழவில்லை.

அமெரிக்காவில் பிரேக்குகள் நம் ஊருக்கு நேர்மாறு. இடக்கைப் பிடி முன்சக்கரம், வலக்கைப் பிடி பின்சக்கரம். அதை நான் கவனமாகப் பழகியிருந்தேன். அப்பாவின் பாடத்தை மட்டும் விடவில்லை. முன் பிரேக்கைத் தொடாமல், வலக்கையால் பின் பிரேக்கை மட்டும் பிடித்தபடி இறங்கினேன். பிடித்தபடி என்றால், விடாமல். முதல் திருப்பத்தில் பிடித்த பிரேக்கை இரண்டாவது திருப்பத்திலும் விடவில்லை. நேர்ப்பாதையிலும் விடவில்லை. பயந்தவனுக்குப் பிரேக்கை விடுவது என்பது பிடிமானத்தையே விடுவதுபோல. பாதி வழியில் ஒரு நெடி வந்தது, இரும்புப் பட்டறையின் நெடி. யாரோ எங்கோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு வலக்கைப் பிடி மெல்ல ஹேண்டில்பாரை நோக்கி வரத் தொடங்கியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் வந்தது. அடுத்த திருப்பத்துக்கு முன் பிடி முழுவதுமாக வந்து ஹேண்டில்பாரில் தொட்டு நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் காற்றைப் பிடித்ததுபோல் இருந்தது. அந்தக் கணத்தில் என் கை தானாக ஒன்றைச் செய்தது. ஒன்பது வயதில் பின் பிரேக் இருந்த இடத்தைத் தேடிப் போய், இடக்கை முழுப் பலத்தோடு இறுக்கியது. அங்கே இருந்தது முன் பிரேக். அதுவரை தொடப்படாமல் குளிர்ந்திருந்த முன் பிரேக் மிகச் சிறப்பாகப் பிடித்தது. சரளைக் கல்லில் முன்சக்கரம் நின்று வழுக்கியது. நான் இடது தோள் தரையில் மோத விழுந்தேன்.

எழுந்து உட்கார்ந்தபோது இடக்கையைத் தூக்க முடியவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது, பிறகு தெரிந்தது. வண்டி பக்கத்தில் கிடந்தது. பின்சக்கரத்து டிஸ்க் டிக் டிக் என்று ஓசை எழுப்பி ஆறிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது: அவன் வண்டியிலும் அதே பிரேக், அதே டிஸ்க், அதே புட்டி எண்ணெய். நான்குக்கும் ஏர் எடுத்தது இதே கை.

கைபேசியில் அலைவரிசை இல்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, இடக்கையை வலக்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பாதை ஓரத்துக்குப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். புதர்கள், பாறைகள், மீண்டும் புதர்கள். புழுதியில் டயர்த் தடங்கள் பல இருந்தன. எது அவனுடையது என்று தெரியவில்லை. மனம் அப்போது கணக்குப் போட்டது. புதுப் புட்டிக்கு எட்டு டாலர். கடைக்காரருக்கு 140. முன் டிஸ்க்குகள் இரண்டுக்கு எண்பது கிராம். நான் மிச்சப்படுத்தியவை எல்லாம் வரிசையாக வந்தன, பட்டியலில் போட்ட அதே ஒழுங்கில்.

அரை மணி நேரம் நடந்திருப்பேன். கீழே ஒரு திருப்பத்தில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நின்றான். "என்னப்பா, இவ்வளவு லேட்?" என்று தொடங்கியவன் என் கையைப் பார்த்துவிட்டு வண்டியைக் கீழே போட்டு ஓடிவந்தான்.

"பிரேக் பிடிச்சுதா?" என்று கேட்டேன்.

"எது?"

"உன் பிரேக். பிடிச்சுதா?"

"நல்லாத்தான் பிடிச்சுது. ஏன்?"

நான் அழுததை வலியினால் என்று அவன் நினைத்திருக்கக்கூடும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு, இரண்டு வண்டிகளையும் மகனோடு ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் என் பின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கல்போல் கெட்டியாக நின்றது. "இதில் ஒரு குறையும் தெரியவில்லையே" என்றார். எனக்குத் திகைப்பாக இருந்தது. இறக்கத்தில் காற்றாகிப்போன பிரேக், சமதரையில் ஒன்றும் அறியாததுபோல் நின்றது. பிறகு அவர் டிஸ்க்கின் நீலத்தைப் பார்த்தார். என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எப்போது திறந்த புட்டி என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு முறை என் மகனைப் பார்த்தார், பிறகு வேலையைத் தொடங்கிவிட்டார்.

டாட்-4 எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது அதன் தரநிலை. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவான நீர் கலந்துவிட்டாலே கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் நீராவி. ஆவி சுருங்கும், விரலின் விசையை விழுங்கும். ஆறினால் ஆவி மறுபடி நீராகிவிடும், பிடி கெட்டியாகிவிடும். என்னுடையதில் நீராவியோடு, நான் சரியாக எடுக்காமல் விட்ட காற்றும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பது மெக்கானிக்கின் கருத்து.

அன்றிரவு நான் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். நானும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. 400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கத் தேவைப்படும் அளவு. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மெதுவாகப் போகிறவனிடம் காற்று அதிகம் எடுப்பதில்லை. மீதி முழுவதும் பிரேக் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பிரேக் செய்யும் வேலையே உயரத்தைச் சூடாக்கி வெளியே விடுவதுதான். நான் அந்த முழுச் சூட்டையும், நூறு கிராமை ஒட்டிய, துளைகள் நிறைந்த ஒரே ஒரு தட்டின் மேல் ஏற்றி, ஆறுவதற்கு ஒரு வினாடியும் தராமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகன் என்னைவிட இருபது கிலோவுக்கு மேல் எடை குறைந்தவன். இரண்டு பிரேக்கையும் பயன்படுத்தினான். திருப்பத்துக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டான். விட்ட நேரத்தில் டிஸ்க் காற்றில் ஆறியது. எண்ணெய் அவனுக்கும் அதே கெட்ட எண்ணெய்தான். அவனுடைய துணிச்சலும் பழக்கமும் அதைக் கொதிக்கவிடவில்லை. என் அலட்சியத்திலிருந்து அவனைக் காத்தது அவனே தவிர நான் இல்லை. இதை எத்தனை முறை எண்ணினாலும் அடிவயிறு சில்லிடுகிறது.

மிதிவண்டியில் வேறெந்த உறுப்பிலும் எடையைக் குறைப்பது பெரும்பாலும் ஆதாயமே. பிரேக்கில் மட்டும் எடைக்கு இன்னொரு வேலை இருக்கிறது, சூட்டை வாங்கிக்கொள்வது. தட்டில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் சூடு தங்க இருந்த இடத்தில் ஒரு பகுதி. எடை குறைந்த பிரேக் தவறானது என்று நான் சொல்லவில்லை. எடை குறைந்தவனுக்கும், பிரேக்கை விடத் தெரிந்தவனுக்கும் அது முற்றிலும் பொருந்தும். மலிவான பிரேக்கும் தவறானதல்ல. நான் வாங்கியவற்றை இன்றும் குறை சொல்ல மாட்டேன். கிராமையும் டாலரையும் எண்ணிய நான், என் எடையையும் என் பயத்தையும் பட்டியலில் சேர்க்க மறந்தேன்.

அதே பிரேக்குகள்தான் இன்னும் இரண்டு வண்டியிலும் இருக்கின்றன. முன்சக்கரத்துக்கு 180 மி.மீ. டிஸ்க், தடித்தது. பின்சக்கரத்துக்கு 160, ஆனால் துளைகள் குறைந்தது. ஆண்டுக்கொரு முறை எண்ணெய் மாற்றுகிறேன். புட்டி சிறியதாக வாங்கி, மீதியை முறைப்படி அப்புறப்படுத்துவதற்குக் கொடுத்துவிடுகிறேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லாத வழியும் உண்டு. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளில் ஈரம் உறிஞ்சாத கனிம எண்ணெய். நெடுங்காலம் டாட் எண்ணெயையே பயன்படுத்திவந்த ஸ்ராம் நிறுவனமும் 2022இல் கனிம எண்ணெயில் இயங்கும் மலிவான பிரேக் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒன்றின் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

தோள் குணமானதும், பள்ளியின் காலியான வாகன நிறுத்துமிடத்தில் மகன் எனக்கு முன் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். இறக்கத்தில் உடலின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, அதனால் அதிகம் பிடிக்கக்கூடியது முன்சக்கரம்தான் என்று விளக்கினான். "ஒரு விரல் போதும்ப்பா. உடம்பைப் பின்னால தள்ளுங்க. இப்ப மெதுவா. இன்னும் மெதுவா. இப்ப விடுங்க. விடுங்கப்பா!" பிடிப்பதைவிட விடுவதற்குத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று. என் அப்பா சொன்னது அவருடைய கம்பி பிரேக்குக்கும், பெடலுக்கு எட்டாத என் காலுக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும். இந்த வண்டியில் இந்த மலைக்கு அது பொருந்தவில்லை. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மகன் இப்போது வேறொரு மாநிலத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே கராஜுக்குப் போவான். விளக்கைப் போட மாட்டான். என் வண்டியின் இரண்டு பிடிகளையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து அம்மாவிடம் காபி கேட்பான். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.